மாமியாரின் முழங்காலும் அரை அடி உயரமும்: வேகன்ஆரா, நியோஸா?

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறோம். எனக்கு வேலை சோழிங்கநல்லூரில். போகிற வழியில் பிள்ளைகளைப் பள்ளியில் விடவேண்டும். தினமும் இருபது, இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும். நான் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். வருஷத்தில் இரண்டு தடவை திருநெல்வேலி போவோம், அப்போது அவர் ஓட்டுவார். எட்டு லட்சத்துக்குள் புது பெட்ரோல் கார் வாங்க நினைத்து, மாருதி வேகன்ஆர், ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் இரண்டில் வந்து நிற்கிறோம். "வேகன்ஆர் டப்பா மாதிரி இருக்கு" என்கிறார் அவர். எதை எடுக்கலாம்? கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி எடுக்கலாமா? எங்கள் பக்கம் மழைக்குத் தண்ணீர் வேறு நிற்கும்.

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வது உண்மை. அது டப்பாதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு வேண்டியதே அந்த டப்பாதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கடைசி முடிவை மாமியார் எடுக்கட்டும்.

வேகன்ஆரின் உயரம் 1,675 மில்லிமீட்டர். நியோஸ் 1,520. வித்தியாசம் அரை அடி. அந்த உயரத்துக்குத் தக்கபடி சீட்டையும் மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த சீட்டில் முதலில் இடுப்பை இறக்கவேண்டும், பிறகு தலையைக் குனிந்து உள்ளே இழுக்கவேண்டும், இறங்கும்போது முழங்காலை நன்றாக மடக்கி மொத்த எடையையும் அதன்மேல் போட்டு எழவேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு உயிர்போகிற இடம் அந்த எழுந்திருப்பதுதான். வேகன்ஆரில் சீட் இடுப்பு உயரத்துக்கு அருகில் இருப்பதால் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். இறங்கும்போது காலைத் தரையில் ஊன்றினால் உடம்பு தானாக நிமிரும். நாற்காலியிலிருந்து எழுவதற்கும் பலகையிலிருந்து எழுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: எந்தக் கார் எடுத்தாலும் மாமியாரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். முன்கதவு அகலமாகத் திறக்கும், சீட்டைப் பின்னால் தள்ளிக் கால் நீட்ட இடம் செய்யலாம். நம் வீடுகளில் வயதானவர்களைப் பேரப்பிள்ளைகளோடு பின்னால் அனுப்பிவிட்டு மகன் முன்னால் உட்கார்ந்துகொள்வான். பழக்கதோஷம்.

அகலத்தில் நியோஸ் 1,680, வேகன்ஆர் 1,620. ஆறு சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு தூணுக்கு நடுவே உங்கள் இடம் இருந்தால், முதல் ஆறு மாதம் அந்த நாலு விரல் இடைவெளியின் அருமை தெரியும். நீளத்திலும் வேகன்ஆர் பதினாறு சென்டிமீட்டர் குறைவு. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட உதவி செய்வது வேகன்ஆரின் பெரிய கண்ணாடிகள். வண்டியின் நாலு மூலையும் எங்கே இருக்கிறது என்று ஓரளவு கண்ணால் பார்த்தே ஓட்டலாம். பெரும்பாக்கம் சாலையில் இடதுபுறமாக நுழைகிற பைக்குகளை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

அதே பெரிய கண்ணாடி சித்திரை, வைகாசியில் எதிரியாகிவிடும். வெயில் தாராளமாக உள்ளே வரும், வேகன்ஆரில் பின்சீட்டுக்குத் தனி ஏ.சி. துவாரமும் கிடையாது. நியோஸில் உண்டு, பின்னால் சீக்கிரம் குளிரும். இந்த விஷயத்தில் நியோஸுக்கே என் ஓட்டு. உள்ளே உபயோகித்திருக்கும் பிளாஸ்டிக், சீட்டின் மெத்தை, கதவு மூடும் சத்தம் எல்லாவற்றிலும் நியோஸ் ஒரு படி மேல்தான். உங்கள் கணவருக்குப் பிடித்திருப்பதில் ஆச்சரியமில்லை. நம் ஊர் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்கிற வண்டி என்ற பாசமும் சிலருக்கு உண்டு. அதற்கெல்லாம் மதிப்பெண் போடமுடியாது.

இப்போது எஞ்சின். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஷோரூமில் "வேகன்ஆர்" என்று மொட்டையாகக் கேட்டால் முதலில் காட்டுவது பெரும்பாலும் 998 சிசி, மூன்று சிலிண்டர், 67 பி.எஸ். (குதிரைத்திறன்) எஞ்சின் உள்ள வி.எக்ஸ்.ஐ. ரகமாக இருக்கும். மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே அது தாராளம். இன்ஷூரன்ஸிலும் ஒரு சலுகை: 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி, புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்குக் கட்டவேண்டிய மூன்றாம் நபர் காப்பீடு 1000 சிசி வரை 6,521 ரூபாய். அதைத் தாண்டினால் 1500 சிசி வரை 10,640. வரி தனி.

ஆனால் திருநெல்வேலி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஐந்து பேர், பெட்டிகள், ஓயாமல் ஏ.சி. வண்டியின் சொந்த எடையே எண்ணூற்றுச் சொச்சம் கிலோதான், அதன்மேல் முந்நூற்றைம்பது கிலோவை ஏற்றுகிறீர்கள். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு விரைவுப் பேருந்தை முந்த ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்தச் சின்ன எஞ்சின் சத்தம் போடுமே தவிர, வண்டி உடனே எகிறாது. முந்துவதற்கு எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு கூடுதல் நொடியும் ஆபத்துதான். அதனால் உங்களுக்கு நான் சொல்வது 1,197 சிசி, நாலு சிலிண்டர், 90 பி.எஸ். எஞ்சின் உள்ள இசட்.எக்ஸ்.ஐ. ரகம். நியோஸிலும் 1,197 சிசி, நாலு சிலிண்டர்தான், 83 பி.எஸ். மிருதுவான எஞ்சின், குறை சொல்ல ஒன்றுமில்லை.

நெடுஞ்சாலையில் நியோஸ் நிலையாக ஓடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வேகன்ஆர் உயரம் அதிகம், அகலம் குறைவு. நூறில் போகும்போது பக்கத்தில் லாரி கடந்தாலோ, காற்று குறுக்கே அடித்தாலோ லேசாக ஆடும். தொண்ணூறில் ஓட்டுகிறவருக்கு அது பொருட்டாகாது. உங்கள் கணவர் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

டிக்கியைப் பற்றி ஒரே வரி: வேகன்ஆரில் 341 லிட்டர், நியோஸில் 260 லிட்டர். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் எதில் ஏறும் என்று விளக்கவேண்டியதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டையும் தூக்கிப் பேச என்னால் முடியாது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நியோஸ் 2020இல் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் வாங்கியது, வேகன்ஆர் 2023இல் ஒன்றே ஒன்று. சோதித்த இரண்டிலும் இருந்தவை இரண்டு ஏர்பேக்தான், 2023இல் விதிகளும் கடுமையாகியிருந்தன. அதனால் நட்சத்திரத்தை நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாக வராது. இப்போது இரண்டிலுமே ஆறு ஏர்பேக் எல்லா ரகத்திலும் வருகிறது. நல்லதுதான். ஆனால் ஏர்பேக் கூடியதால் கூட்டின் பலம் கூடிவிடாது. பாதுகாப்பே முதல் கணக்கு என்றால் 2020இல் நாலு நட்சத்திரம் வாங்கிய டாடா டியாகோவையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். மாமியாருக்கு மறுபடி தாழ்ந்த சீட் என்பதுதான் அதில் சிக்கல். எதை எடுத்தாலும் பின்சீட்டில் பெல்ட் போடாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

அடுத்தது, கியர். தினமும் சோழிங்கநல்லூர் சந்திப்பில் நிற்கப்போகிறவர் கிளட்சை மிதித்து மிதித்து ஏன் சாகவேண்டும்? எடுங்கள். ஆனால் இந்த இரண்டிலும் கிடைப்பது ஏ.எம்.டி. வகை, மாருதி அதையே ஏ.ஜி.எஸ். என்கிறது. சாதாரண கியர்பாக்ஸேதான், நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. அதனால் கியர் மாறும் நொடியில் வண்டி சற்றே தயங்கித் தலையசைக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகக்கூடாத ஒன்று உண்டு: மேம்பாலச் சரிவில் வண்டி பின்னால் நகராமல் இருக்க ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே நிற்பது. உள்ளே கிளட்ச் தேய்ந்து கருகும், வாசனை வரும், பிறகு பில் வரும். சரிவில் பிரேக்கில்தான் நிற்கவேண்டும். நீண்ட சிக்னல் என்றால் நியூட்ரல்.

செலவுக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 1200 சிசிக்கும் நாலு மீட்டருக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. (சென்னைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் முதலில் தாம்பரம் சாலைதான் ஞாபகம் வரும், அந்த ஜி.எஸ்.டி.யில் நெரிசல் ஒன்றும் குறையவில்லை.) அதன்பின் வேகன்ஆர் சுமார் ஐந்து லட்சத்திலும் நியோஸ் சுமார் ஐந்தரை லட்சத்திலும் ஆரம்பித்தன. இது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையுள்ள கார்களுக்குச் சாலை வரி 13 சதவீதம். ஆறு லட்சத்துக்கு 78,000. இன்ஷூரன்ஸும் சேர்த்தால் 1.2 லிட்டர் ஏ.ஜி.எஸ். வேகன்ஆர் உங்கள் எட்டு லட்சத்துக்குள் அடங்கும். நியோஸ் ஏ.எம்.டி. விளிம்பில் இழுபறியாக நிற்கும்.

எரிபொருளுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜை மறந்துவிடுங்கள். 1.2 வேகன்ஆரின் ஏ.ஜி.எஸ்.ஸுக்கு லிட்டருக்கு 24.43 கிலோமீட்டர் என்று அச்சடித்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்திருக்க மாட்டார்கள். நெரிசலில் வேகன்ஆருக்கு 15, நியோஸுக்கு 13 என்று போடுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. உங்கள் ஓட்டம் ஊர்ப் பயணத்தோடு வருஷம் 9,000 கிலோமீட்டர். எல்லாவற்றையும் நெரிசல் கணக்கிலேயே போட்டாலும் வித்தியாசம் 92 லிட்டர் சொச்சம், லிட்டர் நூறு ரூபாய் என்றால் 9,200. வருஷத்துக்கு! மைலேஜை வைத்து வீட்டில் சண்டை போடத் தேவையில்லை. இந்த ஓட்டத்துக்கு சி.என்.ஜி. பக்கமும் போகவேண்டாம். கூடுதலாகப் போட்ட பணம் திரும்பி வர வருஷங்கள் ஆகும், வேகன்ஆரில் டிக்கியும் பறிபோய்விடும்.

மழைத் தண்ணீர். நீங்கள் போகவர இருக்கும் பாதை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துகிறார்களே, அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்கள் ஒருமுறை சுட்டுக்கொண்டவர்கள்.

தரையிலிருந்து உயரம் இரண்டு காருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகன்ஆர் உயரமாகத் தெரிவது கூரையில், அடிவயிற்றில் இல்லை. இரண்டுமே தண்ணீரில் நீந்தாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும், காற்று அமுங்கும். காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் அது அமுங்காது. அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பட்டறையில் நான் பார்த்த வெள்ளக் கார்களில் பாதிக்கு மேல், தண்ணீர் கெடுத்ததை விட "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமே" என்ற ஆசை கெடுத்தவைதான். மழையில் மூழ்கி நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பை அவசியம் சேருங்கள். இல்லாவிட்டால், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்கு வழக்கமான முழுக் காப்பீட்டில் பணம் வராது. கார் விற்பவரிடமே இன்ஷூரன்ஸ் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு அவரிடம் பேசுங்கள், இறங்கி வருவார்.

ஆக, உங்களுக்கு என் தேர்வு வேகன்ஆர் இசட்.எக்ஸ்.ஐ., 1.2 லிட்டர், ஏ.ஜி.எஸ். உங்கள் கணவர் மாதாமாதம் வெளியூர் ஓட்டுகிறவராக இருந்து, மாமியாரும் எப்போதாவதுதான் ஏறுவார் என்றால் நியோஸ் என்று எழுதியிருப்பேன்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை. மாமியாரை இரண்டு ஷோரூமுக்கும் அழைத்துப் போங்கள், வழக்கமாக உடுத்தும் புடவையோடு, வழக்கமான செருப்போடு. ஒவ்வொரு காரிலும் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை யாரும் வலியைக் காட்டமாட்டார்கள், மூன்றாவது தடவை கை எதைப் பிடித்துக்கொள்கிறது என்று பாருங்கள். டெஸ்ட் டிரைவைக் காலை பதினொரு மணிக்கு வைக்காமல் மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள். வழியில் ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். இன்னொரு நாள் மதியம் ஒரு மணி வெயிலில், ஏ.சி. போட்டு, உங்கள் கணவரை வேகன்ஆரின் பின்சீட்டில் கால்மணி நேரம் உட்கார வையுங்கள். அப்புறமும் பின்னால் குளிர் போதும் என்று அவரே சொன்னால் புக் செய்துவிடலாம்.