ஐந்தெழுத்துச் சொற்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மார்த்தாண்டம் பக்கம் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகள் நர்சிங் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பிரிட்டனுக்குப் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சைக்குக் கோச்சிங்கிலும் சேர்ந்திருக்கிறாள். அங்கிருந்து தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வரும். ஒரு நாள் ‘ஓ, யு, ஜி, ஹெச் நான்கும் வரும் ஐந்தெழுத்துச் சொற்கள்’. மறுநாள் ‘க்யூவில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள்’. பஸ் தக்கலை தாண்டும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு போவாளாம். அர்த்தம் கேட்டால் பாதிக்குத் தெரியவில்லை. “அர்த்தம் பொறவு பாத்துக்கலாம்ப்பா, ஸ்பெல்லிங்தான் முக்கியம்” என்கிறாள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. அதனால் தப்பென்று சொல்லவும் தைரியம் இல்லை. இதில் பயன் உண்டா? தமிழில் இப்படி எழுத்தை எண்ணிப் படிக்கிற வழக்கம் இருந்ததா? (என் பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னதில் பாதி சரி. ஐஇஎல்டிஎஸ் பரீட்சையில் காதால் கேட்டு எழுதும் பகுதிக்கு 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும். விடை தெரிந்திருந்தும் ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் போய்விடும். ஆனால் அவளுக்கு வருகிற பட்டியலைப் பார்த்தால் அந்தப் பரீட்சைக்காகச் செய்தது மாதிரி தெரியவில்லை. ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில், எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல்லாக்கும் ஸ்கிராபிள் ஆகிய விளையாட்டுகளை ஆடுகிறவர்களுக்காக இணையத்தில் கொட்டிக்கிடக்கிற சரக்கு அது. யாரோ அப்படியே அள்ளி அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்கிராபிளுக்கு அர்த்தம் தேவையே இல்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சொற்களை வெறும் எழுத்துக்கூட்டமாக மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். 2024-இல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். அபாரமான மூளை, சந்தேகமில்லை. ஆனால் பாரிஸில் ஒரு வார்டில் அவரை ராத்திரி டியூட்டிக்குப் போட்டால், “நெஞ்சை அடைக்குது” என்று நோயாளி சொல்வது அவருக்கு விளங்காது.

வேர்டில் கதை நேர்மாறு. ஜோஷ் வார்டில் அதை 2021-இல் வெளியே விட்டார். அவர் கையில் இருந்த ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000. அத்தனையையும் விடையாக வைத்தால் ஒருவரும் ஆட முடியாது. அவருடைய துணைவி பலக் ஷா உட்கார்ந்து, இது தெரிந்த சொல், இது தெரியாதது என்று கழித்துக் கழித்து சுமார் 2,500-க்குக் கொண்டுவந்தார். விளையாட்டுக்கே வேண்டாம் என்று ஒதுக்கிய சொற்களை உங்கள் மகள் ஏன் பஸ்ஸில் சுமந்துகொண்டு போக வேண்டும்?

சரி, பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அதற்கும் அவசரம் வேண்டாம். அந்த ஓ-யு-ஜி-ஹெச் பட்டியலையே பாருங்கள். காஃப், ரஃப், டஃப், டோ, பவ். இருமல், சொரசொரப்பு, கடினம், பிசைந்த மாவு, மரக்கிளை. நம் எழுத்தில் எழுதிவிட்டால் காஃபுக்கும் டோவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆங்கிலத்திலோ இந்த ஐந்துக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வேறு, மற்ற நாலும் அச்சடித்த மாதிரி ஒன்றே. அந்த ஜி-ஹெச் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து வந்த ஒலி. ஏரியைக் குறிக்கும் ‘லாக்’ என்ற சொல்லை ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும்போது கடைசியில் கரகரவென்று ஒன்று வருமே, அது. இங்கிலாந்தில் போகப்போக அந்த ஒலி அழிந்தது. சில சொற்களில் ‘ஃப்’ ஆனது, சிலவற்றில் சுவடே இல்லாமல் போயிற்று. இதற்கிடையில், 1476-இல், இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்துவிட்டார். அச்சில் ஏறிய ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறைந்துவிட்டது. பேச்சு பாட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தது. காஃபுக்கும், தொடையைக் குறிக்கும் ‘தை’க்கும் இன்றைக்கும் அந்த ஜி-ஹெச் வால் இருப்பது இதனால்தான்.

ஆகவே மகள் பட்டியலை முதலில் வாய்விட்டு வாசிக்கட்டும். ‘ஃப்’ என்று முடிவதெல்லாம் ஒரு பக்கம், மற்றவை வேறு பக்கம் என்று பிரித்து எழுதட்டும். பிறகு ஆஸ்பத்திரி வார்டில் காதில் விழாத சொற்களை அடித்துவிடட்டும். மரக்கிளையைப் பற்றி எந்த டாக்டரும் அவளிடம் கேட்கப்போவதில்லை.

க்யூ பட்டியலில் அவள் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு ஜோடி: க்வையட், க்வைட். அதே ஐந்து எழுத்துகள்தான், கடைசி இரண்டு மட்டும் இடம் மாறி நிற்கும். முதலாவது அமைதி, இரண்டாவது ‘ரொம்பவே’. நோயாளி அமைதியாக இருக்கிறார் என்று எழுதப்போய் கை புரண்டால், “நோயாளி ரொம்பவே” என்று வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். கம்ப்யூட்டரின் ஸ்பெல்லிங் சோதனையும் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது, இரண்டும் சரியான சொற்கள் ஆயிற்றே.

ஐந்தெழுத்துதான் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது: பல்ஸ், ஃபீவர், அல்சர், வூண்ட், ஸ்பைன், ரிஸ்ட். மணிக்கட்டைச் சொல்லும் இந்த ரிஸ்ட்டின் முன்னால் ஒரு ஊமை டபிள்யூ நிற்கும். முன்பு அதற்கும் ஒலி இருந்தது. துணியை முறுக்கிப் பிழிவதைச் சொல்லும் ‘ரிங்’, உங்கள் கடையில் விற்கிற ரென்ச், இரண்டிலும் அதே டபிள்யூதான். திருகலும் முறுக்கலும் உள்ள சொற்கள் பல இப்படித்தான் தொடங்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூட மறக்காது.

இன்னொன்று. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஓஇடி பரீட்சையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். முழுக்க ஆஸ்பத்திரிப் பேச்சையும் எழுத்தையும் வைத்தே நடப்பது. கோச்சிங்கில் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்கள்.

தமிழில் எழுத்தெண்ணுவது செய்யுளில் உண்டு. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஒரு சொல்லிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக உருவி வேறு வேறு சொல்லாக்கும் வித்தை ஒன்று, எழுத்தை வைத்து விளையாடும் சித்திரக்கவியில் இருக்கிறது, அக்கரச்சுதகம் என்பார்கள். அதெல்லாம் மொழியில் ஊறியவர்கள் ஆடிய ஆட்டம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தது நிகண்டை, அதாவது பழைய காலத்துச் சொற்பொருள் நூலை. அதில் தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என்று பொருளை வைத்துத்தான் சொற்களை அடுக்கியிருப்பார்கள்.

மகள் அடித்துவிடும் சொற்களை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். காலையில் காப்பியோடு வேர்டில் ஆடுகிறவன் நான், எனக்கு உதவும்.

அன்புடன்