வாசகர் கேள்வி பதில்: பட்டறைக்கு வரும் ஐ.டி.ஐ. மாணவர்கள்

எங்கள் லேத் (கடைசல்) பட்டறையில் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். பக்கத்து ஐ.டி.ஐ.யில் டர்னர் (லேத் ஓட்டும் தொழில்) படிக்கும் இரண்டு மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? சம்பளம் உண்டா?
— பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 150 மணி நேரம் இப்படி வெளியே பழக ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் சுமார் 19 வேலை நாள். இடம் கிடைக்காதவர்கள் குழுவாக ஒரு புராஜெக்ட் செய்து அந்த மணி நேரத்தைக் கழிக்கலாம். ஆனால் ஓடுகிற பட்டறையில் கற்பது அதில் வராது. படிக்கும்போதே வருவதால் இது அப்ரண்டிஸ் (ஒப்பந்தம் போட்டு உதவித்தொகையோடு பெறும் தொழிற்பயிற்சி) கணக்கில் சேராது. அப்ரண்டிஸ் சட்டத்தின் உதவித்தொகை இதற்குக் கிடையாது. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

முதலில் ஐ.டி.ஐ.யிலிருந்து கடிதம் வாங்குங்கள். தேதி, நேரம், பொறுப்புப் பயிற்றுநரின் செல்போன் எண், விபத்துக் காப்பீடு யார் எடுத்திருக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். காப்பீடு இல்லையென்றால் தனிநபர் விபத்து பாலிசி எடுத்த பிறகே மெஷின் பக்கம் விடுங்கள்.

அடுத்தது, யாரிடம் ஒப்படைப்பது? பெரும்பாலான பட்டறைகளில் இங்கேதான் கெடுகிறது. பீஸ் ரேட்டில் (செய்யும் பீஸ் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில்) ஓட்டும் ஆபரேட்டரிடம் விட்டால், சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்குக் கூலி குறையும். அவர் மாணவரை டீ வாங்க அனுப்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. மாதச் சம்பளக்காரரைப் பொறுப்பாக்குங்கள். இல்லையென்றால் அந்த நேரத்துக்கு ஆபரேட்டருக்குத் தனியாகக் கூலி போடுங்கள்.

முதல் இரண்டு நாள் மெஷினைத் தொட விடாதீர்கள். மெயின் சுவிட்ச், எமர்ஜென்சி பட்டன், முதலுதவிப் பெட்டி எங்கே என்று காட்டுங்கள். சக் (ஜாபைப் பிடிக்கும் பகுதி) இறுக்கும் சாவியான சக் கீயைச் சக்கிலேயே விட்டு மோட்டாரைப் போட்டால் அது தெறித்து முகத்தில் அடிக்கும். கையுறையோடு டிரில்லிங் மெஷினில் நின்றால் பிட் துணியைச் சுற்றிக் கையையே இழுக்கும். வெட்டும்போது வரும் இரும்புச் சுருளைக் கொக்கியால்தான் எடுக்க வேண்டும், விரலால் கூடாது.

பிறகு அளவெடுப்பு. ரிஜெக்ட் ஆன பீஸில் இருபதை எடுத்து எண் போட்டு, ஆபரேட்டர் அளந்ததை மறைத்துவைத்து, மாணவர்களை வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளக்கச் சொல்லுங்கள். ஜீரோ பார்க்காமல் அளப்பது, அழுத்திப் பிடிப்பது, சூடாக இருக்கும்போதே அளப்பது மூன்றும் அப்போதே வெளிப்படும். 20 மி.மீ. எஃகுத் தண்டு 50 டிகிரி சூடேறினால் 0.01 மி.மீ.க்குச் சற்று மேல் பெருக்கும். மைக்ரோமீட்டரில் அது தெரியும்.

மூன்றாம் நாளிலிருந்து ஆபரேட்டர் பக்கத்தில் நின்று ஜாப் மாட்டுவது, கழற்றுவது, ஃபேசிங் (முனையைத் தட்டையாகச் சீவுவது). இரண்டாம் வாரம் ஸ்கிராப் தண்டில் அவர்களே செட்டிங் போடட்டும். கடைசி நான்கு நாளில் டிராயிங் பார்ப்பது முதல் இன்ஸ்பெக்ஷன் வரை ஒரு ஜாபை முழுதாகச் செய்யட்டும். 'இத்தனை பீஸ் வேண்டும்' என்ற டார்கெட் மட்டும் வேண்டாம். அவசரத்தில்தான் விரல் போகிறது.

மூன்று வாரப் பயிற்சியில் இரண்டு வாரம் கூட்டுவதும் பேக்கிங்கும்தான். பயிற்சிப் பதிவேட்டில் என்ன எழுதுவது?
— ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

நடந்ததை எழுதுங்கள். 'கூட்டினேன், 2 மணி நேரம். பேக்கிங், 5 மணி நேரம்' என்று தினமும் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, முதல் வாரமே உங்கள் பயிற்றுநரிடம் காட்டுங்கள். அவர் வந்து பேசினால் வேலை மாறும். கடைசி நாளில் காட்டினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மெஷின் கிடைத்த நாளில் 'டர்னிங் செய்தேன்' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். 'எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தண்டு, 25-லிருந்து 20 மி.மீ.; வந்தது 19.88. டயலை அதிகம் சுற்றிவிட்டுக் கொஞ்சம் பின்னால் திருப்பினேன். பேக்லாஷ் (திருகில் உள்ள தளர்வு) இருந்ததால் டூல் பின்வாங்கவில்லை. அடுத்த முறை ஒரு முழுச் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும்.' நேர்காணலில் இப்படி ஒரு பக்கத்தைக் காட்டினால் உங்களுக்கு வேலை தெரியும் என்பது புரிந்துவிடும்.

மகனுக்கு 17 வயது, ஃபிட்டர் முடித்திருக்கிறான். அப்ரண்டிஸாக எடுக்கிறோம், 12 மணி நேர டியூட்டி என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
— ஒரு தாய், ராணிப்பேட்டை

12 மணி நேரத்துக்குச் சம்மதிக்காதீர்கள். அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது என்பது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்திலேயே இருக்கிறது. அபாயகரமான தொழில் என்றால் 18 வயது ஆகியிருக்க வேண்டும். மற்ற இடங்களில் சேரலாம். 18 ஆகாததால் ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் ஓராண்டு உழைத்தாலும் தேசியச் சான்றிதழ் வராது.

ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 2019 திருத்தத்தின்படி மாதம் 7,000 ரூபாய். அதற்குக் குறையக் கூடாது. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், அரசிடமிருந்து நேராக மகனின் கணக்குக்கு வரும். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் வேறுவேறாக இருந்தாலோ, கணக்கில் ஆதார் இணைக்காமல் இருந்தாலோ அந்தப் பணம் நின்றுபோகும். சேர்வதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தால் உஷாராகுங்கள். அப்ரண்டிஸுக்கு அவை கிடையாது. வேறு பெயரில் ஒப்பந்தக் கூலியாக எடுத்திருக்கலாம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அப்ரண்டிஸ் முடித்தால் அங்கேயே வேலை உறுதியா?
— வாசகர், திருப்பூர்

இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே. முடித்தவர்களை எப்படி எடுப்பது என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். சேரும் நாளிலேயே அதைக் கேளுங்கள். போன ஆண்டு அங்கே முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் வேலையில் இருக்கிறார்கள் என்று ஷாப் ஃப்ளோரிலும் விசாரியுங்கள்.