சின்ன ஆன்லைன் கடையின் தளம் அடிக்கடி முடங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

மூன்று பேர் நடத்தும் ஆன்லைன் துணிக்கடை, தனியாக ஐடி ஆள் இல்லை, பண்டிகை நேரம் பார்த்துத் தளம் முடங்குகிறது, பெரிய சர்வருக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் என் சித்தி சேலை வியாபாரம் செய்கிறார். அவருடைய ஆன்லைன் கடை வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் ஓடுகிறது. ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். இத்தனை நாளில் கூட்டம் தாங்காமல் தளம் விழுந்தது ஒரே ஒரு முறை. மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒன்று காலாவதி ஆகியிருக்கும், இல்லை நிரம்பியிருக்கும், இல்லையென்றால் முந்தின நாள் ஏதாவது மாறியிருக்கும். இதற்கெல்லாம் பெரிய சர்வர் உதவாது.

எங்களுக்கு நடந்ததிலேயே மோசமானதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி போன் செய்தார். "என்ன கண்ணு, பணம் போயிருச்சு, ஆர்டரைக் காணோம்னு பதினோரு பேர் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?" தளத்தைத் திறந்தேன். முகப்பு வருகிறது, படங்கள் வருகின்றன. தளம் உயிரோடு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சேவையிலும் இரவு முழுக்கப் பச்சை விளக்குதான்.

தேடிப் பார்த்ததில், பாதுகாப்புக்காகப் போட்டிருந்த பிளக்இன் (தளத்தோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) இரவில் தானாக அப்டேட் ஆகியிருந்தது. புதிய பதிப்பு, பேமெண்ட் கேட்வேயில் (பணத்தை வாங்கித் தரும் சேவை) இருந்து 'பணம் வந்துவிட்டது' என்று கடைக்குத் தானாக வரும் செய்தியான வெப்ஹூக்கை வெளி ஆளின் தாக்குதல் என்று நினைத்துத் தடுத்துவிட்டது. யூபிஐயில் பணம் கட்டுகிறவர்களில் நிறையப் பேர் ஜிபேயிலோ போன்பேயிலோ பணம் போனதும் பிரவுசருக்குத் திரும்பி வருவதில்லை. அவர்கள் பணம் கட்டிவிட்டார்கள் என்று கடைக்குச் சொல்வது அந்த வெப்ஹூக் மட்டும்தான். அது வராததால் ஆர்டர்கள் 'பணம் வரவில்லை' என்ற நிலையிலேயே நின்றன. வூகாமர்ஸில் நாம் மாற்றாத வரை அப்படி நிற்கும் ஆர்டருக்காகச் சரக்கைப் பிடித்து வைப்பது 60 நிமிடம்தான். பிறகு ஆர்டர் ரத்தாகி, சேலை மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். எங்களிடம் பெரும்பாலும் ஒரு டிசைனுக்கு ஒரு சேலைதான். நான்கு சேலைகள் ஏற்கெனவே பணம் கட்டியவரைத் தாண்டி இன்னொருவருக்கு விற்றுப்போயிருந்தன. நான்கு பேருக்கும் சித்தியே போன் செய்து பேசினார். அதில் ஒரு அம்மா மகளின் வளைகாப்புக்காக எடுத்திருந்தார். அந்தப் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் இந்த வேலையை நான் இவ்வளவு கவனமாகச் செய்ய ஆரம்பித்தேன்.

அதன் பிறகு மூன்று பழக்கங்கள் வந்தன. பணம், ஆர்டர், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பிளக்இன்களுக்குத் தானியங்கி அப்டேட்டை நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை காலையில், தளத்தின் நகல் ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான கடையில் போடுவேன். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட் என்றால் மட்டும் அன்றைக்கே. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பிருந்து வேறு எந்த மாற்றமும் கிடையாது, பேனர் படம் மாற்றுவதைத் தவிர. இரண்டாவது, வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத ஒரு ரூபாய் பொருள் ஒன்று தளத்தில் இருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்குத் தங்கை அதை யூபிஐயில் வாங்குவாள், வேண்டுமென்றே பிரவுசருக்குத் திரும்பாமல். ஆர்டர் பதிவானால் கடை ஓடுகிறது என்று அர்த்தம். முகப்பு திறக்கிறதா என்று பார்ப்பதைவிட இது நூறு மடங்கு பயனுள்ளது. மூன்றாவது, இரவு கடையை மூடும்போது கேட்வேயில் வந்த பணத்தையும் ஆர்டர் பட்டியலையும் சித்தி ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஐந்து நிமிட வேலை.

நிரம்புவது என்றால் பெரும்பாலும் டிஸ்க், அதாவது சர்வரின் சேமிப்பிடம். எங்கள் பேக்கப் பிளக்இன் தினமும் ஒரு ஜிப் கோப்பை அதே சர்வரில் போட்டுக்கொண்டே போய், பழையதை அழிக்காமல், ஒருநாள் ஆர்டர் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸுக்கு எழுத இடமில்லாமல் செய்துவிட்டது. இப்போது டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் எனக்குச் செய்தி வரும். பேக்கப் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்குப் போகிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

அப்புறம், பேக்கப் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், திருப்பி ஏற்றிப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோடை வைத்துக்கொள்ளும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸையே அழித்துவிட்டார். தினசரி பேக்கப் வெகு நாளாகவே தோல்வி அடைந்துகொண்டிருந்தது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல் இருந்ததால், இழப்பு சுமார் ஆறு மணி நேரத் தரவோடு நின்றது. அத்தனை பெரிய இடத்துக்கே அந்த நிலை. நான் முதல் முறை திருப்பி ஏற்றிப் பார்த்தபோது சேலைப் படங்கள் இருந்த ஃபோல்டரே பேக்கப்பில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன், அரை நாள் போகும்.

காலாவதி விஷயம் எளிது, ஆனால் விட்டால் கடை மொத்தமும் மூடும். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) ரினிவல் மெயில் வேலையை விட்டுப் போன ஊழியரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டாட் காம் என்றால் 10 வருடம் வரைக்கும் ஒரே தடவையில் கட்டி வைக்கலாம். தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழை ஆள் வைத்துப் புதுப்பிக்கும் வழக்கம் இனி ஓடாது. 2029 மார்ச் 15 முதல் அதன் அதிகபட்ச ஆயுளே 47 நாள்தான். தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்துவிட்டு, அது நடக்கிறதா என்று மட்டும் கண்காணியுங்கள்.

நம் கையில் இல்லாததும் உண்டு. 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுக்க யூபிஐ தடைபட்டது. அதை நாம் தடுக்க முடியாது. கேஷ் ஆன் டெலிவரியையும் கார்டுக்கு இரண்டாவது கேட்வேயையும் தயாராக வைத்திருந்தால் அன்றைக்கும் கல்லா ஓடும்.

சரி, பெரிய சர்வர் வேண்டுமா? கூட்டத்தால் நாங்கள் விழுந்த அந்த ஒரு முறை, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் லிங்க் அனுப்பியிருந்தோம், ஒவ்வொரு படமும் 4 எம்பி. படங்களைச் சுருக்கி, சிடிஎன் (படங்களை நம் சர்வருக்குப் பதில் தன் சர்வர்களில் இருந்து அனுப்பும் சேவை) வழியாக வைத்து, செய்தியைப் பத்து நிமிட இடைவெளியில் பிரித்து அனுப்பியதும் அதே சர்வர் தாங்கியது. உங்கள் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் சிபியு, மெமரி பயன்பாட்டு வரைபடம் இருந்தால், தளம் முடங்கிய நேரத்தில் கோடு உச்சவரம்பைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிருந்தால் முதலில் படங்களைச் சுருக்குங்கள், அதற்குப் பிறகும் தொட்டால் தயங்காமல் மாறுங்கள். தொடவில்லை என்றால், முடங்கிய நேரம், அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் நடந்த அப்டேட்கள், டிஸ்க்கில் மீதம் இருந்த இடம் இந்த மூன்றையும் கமென்ட்டில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.