பிளாஸ்மா அலைப் படத்தில் வளைந்து போகும் வெள்ளைக் கோடுகள் எதைக் காட்டுகின்றன?

பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளை, அதாவது அதிவேகத் துகள்கள் காந்தப்புலத்தில் சிக்கியிருக்கும் பகுதிகளை, ஆராய்ந்த வான் ஆலன் விண்கலங்களின் (2012–2019) ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது பிளாஸ்மாவில் (மின்னேற்றத் துகள்களாலான வாயுவில்) எழும் அலைகளின் படத்தில், வெள்ளைக் கோடுகள் ஏன் வளைகின்றன, நடுவே ஏன் ஓர் இருண்ட பட்டை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், நிறத்தில் அலையின் வலிமை. நிற அளவுகோல் பெரும்பாலும் மடக்கை அளவு. சிவப்புக்கும் நீலத்துக்கும் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கலாம்.

அந்தக் கோடுகள் அலைகளே அல்ல. காந்தப்புலத்தை அளந்து, கணக்கிட்டு, படத்தின்மேல் வரைந்தவை. ஒன்று எலக்ட்ரானின் சுழல் அதிர்வெண் (காந்தப்புலக் கோட்டை எலக்ட்ரான் நொடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது), இன்னொன்று அதில் பாதி. கலம் பூமியை நெருங்கினால் புலம் வலுக்கும், கோடு ஏறும், விலகினால் இறங்கும்.

பாதிக் கோட்டை ஒட்டிய அந்த இருட்டைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். அதற்கு மேலும் கீழும் பளிச்சென்று தெரிபவை கோரஸ் எனப்படும் பிளாஸ்மா அலைகள். சில நொடிகளை மட்டும் பெரிதாக்கினால், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மேலேறும் கொக்கிகள் வரிசையாகத் தெரியும். ஒலியாக்கிக் கேட்டால் விடியற்காலைப் பறவைக் கூச்சலேதான்! கதிர்வீச்சுப் பட்டையின் எலக்ட்ரான்களை ஒளிவேகத்துக்கு அருகில் கொண்டுபோவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. நடுவே இடைவெளி ஏன் விழுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் ஓயவில்லை. அலையின் ஆற்றலை அங்குள்ள எலக்ட்ரான்களே உறிஞ்சிவிடுகின்றன என்பது ஒரு முக்கிய விளக்கம்.