காமினோ பாதயாத்திரையில் இரவு தங்க முன்பதிவு தேவையா, போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

அம்மாவுடன் மே மாதம் ஸ்பெயினின் காமினோ யாத்திரைப் பாதையில் சாரியா என்ற ஊரிலிருந்து சந்தியாகோ நகரம் வரை நடக்கப் போகிறேன், அம்மாவுக்கு 61 வயது, தங்கும் இடங்களை இங்கிருந்தே பதிவு செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்துவிடுங்கள். எல்லா இரவுகளுக்கும். இதை நான் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது, ஏனென்றால் முழுப் பாதையும் நடக்கப் போகிறவர்கள் கேட்டால் நேர் எதிராகத்தான் சொல்வேன்.

நானும் அக்காவும் 2024 செப்டம்பரில் போனோம். எங்கள் அம்மா தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போய் வந்தவள். அந்தச் சந்தியாகப்பர்தான் ஸ்பெயினில் சந்தியாகோ என்று எனக்குத் தெரியவந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிரான்சின் எல்லையோரம் இருக்கும் சான் ஜான் பியே தெ போரில் தொடங்கினால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஆள், சும்மா இருப்பேனா? எக்செல் தாள் போட்டு, முதல் பத்து இரவுகளையும் சென்னையில் உட்கார்ந்தே பதிவு செய்தேன்.

முதல் இரண்டு சரியாகவே அமைந்தன. முதல் நாள் பிரனீஸ் மலையேற்றம் கடுமையானது. 8 கிலோமீட்டரில் ஒரிசோன் என்று ஒரு தங்குமிடம் இருக்கிறது, அதை விட்டால் மலையில் படுக்க வேறு வழி அநேகமாகக் கிடையாது. அங்கே முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது. அடுத்தது ரோன்செஸ்வாயெஸ். பழைய மடம், 183 படுக்கை, இணையத்தில் பதியலாம். தாளில் சிக்கல் ஐந்தாம் நாள் வந்தது. பாம்ப்லோனா தாண்டி அல்தோ தெல் பெர்தோன் என்கிற மேட்டிலிருந்து இறங்கும் பாதை முழுக்க உருளும் கற்கள். இறங்கி முடித்தபோது அக்காவின் குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவு கொப்புளம். புவென்தே லா ரெய்னாவில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டோம். பின்னால் இருந்த ஐந்து பதிவுகளும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தன. மூன்று இடங்களில் தேதி மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்று இலவசமாக ரத்தானது, ஓர் இடத்தில் கட்டிய முன்பணம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு தாளை மூடிவிட்டேன். தினமும் மாலையில் மறுநாளுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரே ஒரு முறைதான் அடி விழுந்தது. வியானாவில் மதியம் நின்று, 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லொக்ரோன்யோவுக்குப் போன் போட்டால், யாரைக் கேட்டாலும் 'கொம்ப்ளேதோ', அதாவது நிரம்பிவிட்டது. செப்டம்பர் 21-ஐ ஒட்டி அந்த ஊரில் சான் மத்தேயோ திருவிழா, திராட்சை அறுவடைக் கொண்டாட்டம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. வியானாவிலேயே படுத்துக்கொண்டோம். ஆகவே எந்த மாதம் போனாலும் வழியில் உள்ள பெரிய ஊர்களின் திருவிழாத் தேதிகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, தங்குமிடங்களுக்கு வருவோம். அல்பெர்கே என்பதுதான் அங்கே சொல். பெரிய கூடத்தில் இரண்டடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, வாசலில் செருப்பு அடுக்கு. அங்கே தங்குவதற்கு கிரெதென்சியால் என்கிற யாத்திரை அட்டையையும் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். காலை 8 மணிக்குள் காலி செய்ய வேண்டும், இரவு 10 மணிக்கு விளக்கணைப்பார்கள்.

நீங்கள் நடக்கப் போகும் கலீசியா பகுதியில் மாநில அரசே நடத்தும் அல்பெர்கேக்கள் நிறைய. நாங்கள் போனபோது 10 யூரோ. இவற்றில் முன்பதிவே கிடையாது, வந்த வரிசைதான். மதியம் 1 மணிக்குத் திறப்பார்கள். அதற்கு முன்பே கதவுக்கு வெளியே முதுகுப்பைகள் வரிசையாக நிற்கும், ஆட்கள் எதிர்க்கடையில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். ரேஷன் கடையில் பையும் கல்லும் போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளே சுருட்டி வைத்த காகிதத் துணி போன்ற விரிப்பு ஒன்று தருவார்கள். இரவில் யார் புரண்டாலும் அது சரசரக்கும். சமையலறை பளபளவென்று இருக்கும், ஆனால் பல இடங்களில் ஒரு சட்டி கூட இருக்காது. அரிசி வாங்கிக்கொண்டு போய் ஏமாந்தோம்.

கோயில்களும் மடங்களும் நடத்துபவை வேறு ரகம். பல இடங்களில் கட்டணம் என்று இல்லை, பெட்டியில் போடுவதுதான். கிரான்யோன் என்ற சின்ன ஊரில் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் தரையில் பாய்மெத்தை போட்டுத் தூங்கினோம். எல்லோரும் சேர்ந்து காய் நறுக்கி, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பாத்திரம் கழுவினோம். உண்டியல் திறந்தே இருக்கிறது, முடிந்ததை வை, தேவையானதை எடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முழுப் பாதையில் எனக்கு மறக்காத இரவு அதுதான். ஆனால் இலவசம் என்று நினைத்துச் சில்லறையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களையும் பார்த்தேன். அடுத்த நாள் வருகிறவரின் சாப்பாடு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

பெரும்பாலும் தனியார் இடங்களில்தான் முன்பதிவு எடுப்பார்கள். உங்களுக்கு இவைதான். காரணம் சொல்கிறேன்.

2024-இல் நடந்து முடித்து சந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சாரியாவில் தொடங்கியவர். சான்றிதழுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும், சாரியாவிலிருந்து 115 வருகிறது, அதனால் அங்கே ஒரே கூட்டம். சாரியாவுக்கு முந்தின நாள் வரை அமைதியாக இருந்த பாதையில் திடீரென்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுப் பெட்டியோடு நடந்து வந்தார்கள். அக்கா முகத்தைச் சுளித்தாள், எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது காரணம் அம்மாவின் பை. அதைச் சுமக்க விடாதீர்கள். ஒரு நாள் தூரத்துக்குச் சில யூரோ கொடுத்தால் அடுத்த தங்குமிடத்துக்கு வண்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். உறையில் பணமும் அடுத்த இடத்தின் பெயரும் எழுதிப் பையில் கட்டி, காலையில் வரவேற்பறையில் வைத்துவிட்டால் போதும். ஆனால் அடுத்த இடத்தின் பெயர் இருந்தால்தானே எழுத முடியும்? அரசு அல்பெர்கேக்களில் இப்படி அனுப்பிய பையை ஏற்பதில்லை.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு தந்திரம். எல்லா வழிகாட்டிகளும் போர்தோமரின், பாலாஸ் தெ ரெய், அர்சுவா, ஓ பெத்ரோவ்சோ என்று நான்கு ஊர்களில் நிறுத்தச் சொல்லும். எல்லோரும் அங்கேயே போய் விழுவார்கள். நீங்கள் நடுவில் நில்லுங்கள். சாரியாவிலிருந்து 13 கிலோமீட்டரில் பெரெய்ரோஸ். அங்கே படுத்தால் மறுநாள் போர்தோமரினைக் காலை உணவு நேரத்தில் கடந்துவிடலாம். அந்த ஊர் அணைக்காக 1960-களில் மூழ்கிப்போக, மேட்டில் புதிதாகக் கட்டியது. தேவாலயத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து மேலே கொண்டுவந்தார்கள், கற்களில் போட்ட எண்கள் இன்னும் தெரிகின்றன. பாலம் தாண்டியதும் ஊருக்குள் ஏற ஒரு படிக்கட்டு இருக்கிறது. 22 கிலோமீட்டர் நடந்த முட்டியோடு அதைப் பார்த்தால் அழுகை வரும், காலையில் என்றால் ஏறிவிடலாம். அப்புறம் வென்தாஸ் தெ நரோன், மெலிதே, அர்சுவாவுக்கு 3 கிலோமீட்டர் முன்னால் ஆற்றங்கரையில் ரிபாதிசோ, பிறகு சல்செதா. நாள் ஒன்று இரண்டு கூடும், கூடட்டும்.

தனியார் படுக்கை ஒருவருக்கு 15 யூரோ முதல் 20 வரை என்றால் இருவருக்கு 40-ஐத் தொடும். பென்சியோன் எனப்படும் சின்ன விடுதிகளில் தனி அறை அதற்குச் சற்று மேலே கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது அம்மாவை அப்படித் தூங்க வையுங்கள். படுக்கைதான் என்றால் பதியும்போதே 'லிதேரா பாஹா' என்று எழுதுங்கள், கீழ்ப்படுக்கை. அக்காவுக்கு ஒரு நாள் மேல்தட்டு கிடைத்து, இரவு இரண்டு மணிக்கு ஏணியில் இறங்கத் தெரியாமல் என்னை எழுப்பினாள். நான் எழுந்து பிடிக்க, கீழே படுத்திருந்த ஜெர்மன்காரரும் எழுந்து பிடித்தார்.

பதிவுக்கு க்ரோன்சே (Gronze) என்ற இணையதளத்தில் ஊர் வாரியாக எல்லா இடமும் இருக்கிறது. எண்ணை எடுத்து நேரடியாக வாட்ஸ்அப்பில் கேட்டால் போதும், ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மொழிபெயர்த்துப் பதில் போடுவார்கள். மதியம் 3, 4 மணிக்குள் வராதவர்களின் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் இடங்கள் உண்டு, தாமதமானால் ஒரு வரி அனுப்புங்கள். போகவில்லை என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பதிந்துவிட்டு வராத ஒருவருக்காக வாசலில் ஆள் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சந்தியாகோவில் கடைசி இரவை எல்லாவற்றுக்கும் முதலில் பதியுங்கள். செமினாரியோ மெனோர் என்ற பெரிய பழைய குருமடத்தில் தனி அறைகளும் உண்டு. 2027 புனித ஆண்டு, அதாவது சந்தியாகப்பர் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு, கூட்டம் கூடும்; அப்போது போவதாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

விசா விஷயத்திலும் முன்பதிவு உதவும். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள், 'நடந்துகொண்டே பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுத முடியாது. நாங்கள் நாள் வாரியான திட்டத்தோடு, இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவுகளை வைத்தோம். உங்களுக்கு உண்மையான பதிவுகளே இருக்கும், அந்தக் கவலை இல்லை.

எந்த இடமானாலும் பையைக் கட்டிலில் வைப்பதற்கு முன் மெத்தையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சி அங்கேயும் மூட்டைப்பூச்சிதான். காதடைப்பான் ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று இரண்டாம் நாளே கட்டிலுக்கு அடியில் உருண்டு காணாமல் போகும்.