மலையில் மிச்சமிருக்கும் பனியும் உங்கள் நாயும்

கேள்வி: எங்கள் கோல்டன் ரிட்ரீவருக்கு நான்கு வயது. வசந்தம் தொடங்கியதும் அவனையும் கூட்டிக்கொண்டு மலையேறப் போகிறோம். மேலே பாதையில் இன்னும் பனி கிடக்கிறதாம். ஷூ வாங்கிப் போட்டுவிட்டால் போதுமா?

பதில்: ஷூவை அப்புறம் பார்ப்போம். முதலில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வசந்தகாலத்துப் பனி காலையில் ஒன்று, மதியத்தில் வேறொன்று. இரவில் உறைந்து விடியற்காலையில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற இளகி, உச்சிவேளையில் கால் வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகும். இறுகிய பனி உடையும் இடத்தில் விளிம்பு கூராக இருக்கும். பாதத்தையும், முன்னங்காலின் உட்பக்கத்தில் தரையில் படாமல் இருக்கும் நகத்தையும் கிழித்துவிடும். இளகிய பனியில் வேறு வம்பு. பின்னங்கால் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் முன்னே பாய்ந்தால் முழங்கால் தசைநார் அறுந்துபோகலாம். அதனால் சீக்கிரம் கிளம்பி, மேல்பனி லேசாக இளகத் தொடங்கும்போது ஏறி, உங்கள் கணுக்கால் புதையத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி.

மதிய வெயிலில் ஈரப் பனிச்சரிவு அபாயமும் கூடும். சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தால் போதாது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படவே வேண்டாம்.

செங்குத்தான கெட்டிப் பனியில் நாய் வழுக்கினால் அதனால் நிறுத்திக்கொள்ள முடியாது. வாரை உங்கள் இடுப்பில் கட்டியிருந்தால் நீங்களும் சேர்ந்து போவீர்கள். அதற்காக அவிழ்த்து விடவும் கூடாது. அவன் ஓடும் பனித்திட்டுக்கு அடியில் ஓடை இருக்கலாம். வாரைக் கையில் பிடியுங்கள், முதுகில் கைப்பிடி வைத்த மார்புப்பட்டை மாட்டுங்கள். அப்படிப் பிடித்தும் கடக்க முடியாத சரிவு என்றால், அது நாயோடு போகிற பாதை இல்லை.

சரி, இப்போது பாதம். உங்கள் நாய் இனத்துக்கு விரலிடுக்கில் முடி நீளம். ஈரப்பனி அதில் ஒட்டி, உருண்டு, பட்டாணி அளவுக்கு இறுகிவிடும். நன்றாக நடந்துகொண்டிருந்தவன் திடீரென்று உட்கார்ந்து காலைக் கடிப்பான், காரணம் அதுதான். பிடித்து இழுக்காதீர்கள், முடியோடு வரும். உள்ளங்கையில் பாதத்தைப் பொத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உருகிவிடும். கிளம்புவதற்கு முந்தின நாளே அந்த முடியைப் பாதத்தோடு ஒட்ட வெட்டி, புறப்படும்போது நாய்ப் பாதத்துக்கான மெழுகு தடவுங்கள். ஷூ நல்லதுதான், ஆனால் மலையில் முதன்முதலாக மாட்டினால் கழற்றி எறிவான். ஒரு வாரமாவது வீட்டில் பழக்குங்கள். வழியில் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள், உள்ளேயும் பனி போயிருக்கும்.

பனியைத் தின்கிறானே, தண்ணீர் எதற்கு என்று நினைக்க வேண்டாம். அது தாகத்துக்குப் போதாது. நிறையத் தின்றால் வாந்தி வேறு. தண்ணீரை நீங்களே சுமந்து போய் அடிக்கடி கொடுங்கள். உட்காரும்போது ஒரு விரிப்புப் போடுங்கள், நனைந்த வயிற்றைத் துடைத்துவிடுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். குளிர் ஏறினால் முதலில் நடுங்குவான். நடுக்கம் நின்று தள்ளாடினால் அவன் தேறிவிட்டான் என்று அர்த்தமில்லை, நிலைமை மோசமாகிறது. உடனே துவட்டி, போர்த்தி, கீழே இறக்கி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மூக்கு வெளிர்சிவப்பாக இருந்தால் பனியில் தெறிக்கும் வெயிலில் வெந்துவிடும். உங்கள் சன்ஸ்கிரீனைப் பூசிவிடாதீர்கள், நக்கிவிடுவான். துத்தநாக ஆக்சைடு நாய்க்கு நஞ்சு. நாய்க்கென்றே விற்பதை வாங்குங்கள்.

இன்னொன்று, மேலே பனி இருக்கிறதென்று அடிவாரத்துப் புல்லை மறந்துவிடாதீர்கள். அங்கே உண்ணி அதற்குள் விழித்திருக்கும். காரில் ஏற்றுவதற்கு முன் காது மடலின் அடி, கழுத்து, அக்குள் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள்.