சுத்தமில்லாததால்தான் மீனவர் குடியிருப்புகளில் டெங்கு வருகிறதா?

இல்லை. கேட்டவர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது. மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கருவாட்டு வாடையை முகர்ந்துவிட்டு, இங்கே நோய் வராமல் என்ன செய்யும் என்று நினைத்திருப்பீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மூடாமல் வைத்த நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் வேறு கொசு. அது பரப்புவது யானைக்கால் நோய்.

என் மதினி விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்று டிரம்மில் பிடித்து வைத்தால்தான் உண்டு. ஒரு கார்த்திகை மழையில் அவர் மகளுக்கு டெங்கு கண்டது. காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டாள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். மதினி கேட்கவில்லை. கைகால் சில்லிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவளை இரவோடு இரவாக ராமநாதபுரம் கொண்டுபோனார். டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுந்துவிடும். சலைன் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

பிறகு ஆய்வுக்கு வந்த ஒருவர் டிரம்முக்குள் டார்ச் அடித்துப் புழுவைக் காட்டி, "உங்களுக்கெல்லாம் சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது" என்று தெருவே கேட்கச் சொன்னார். நாங்கள் குடிக்கிற தண்ணீர் அது! தினமும் குழாயில் வந்தால் யார் டிரம்மில் பிடித்து வைக்கப்போகிறார்கள்?

சுகாதாரப் பணியாளர்கள் எல்லோரையும் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் தவறே இல்லை என்றும் சொல்லவில்லை. கரையில் கிடக்கும் பழைய வள்ளம், உடைந்த ஐஸ் பெட்டி, படகில் கட்டிய டயர் எல்லாவற்றிலும் மழைநீர் தேங்குகிறது. ஆனால் 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லி, பிடிக்காத அதிகாரியைத் தூக்கியடிக்கும் இடமாகவே எங்கள் மாவட்டத்தைப் பேசுகிறார்களே, அதை யார் கேட்பது? தண்டனை என்று நினைத்து வருகிறவர் எங்கள் குழாயைப் பற்றி ஏன் கவலைப்படப்போகிறார்?

நீங்களும் தண்ணீர் பிடித்து வைப்பவரானால், டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமில்லாமலே பல மாதம் தாங்கும். வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். மாலையில் அடிக்கும் புகையை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது. தண்ணீருக்குள் இருக்கும் புழுவைப் புகை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.